பல்லைக் கழற்றவா, வேரைக் கழுவவா?

கே: கடைவாய்ப் பல்லில் சீழ். பல் டொக்டர் ரூட் கெனல் செய்யச் சொல்கிறார். வேறு வழி இல்லையா?
— வாசகி, கட்டுகஸ்தோட்டை

ப: இருக்கிறது: பல்லைக் கழற்றுவது. உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் செத்த பல் கிருமிக்குச் சொந்த வீடு. ஒன்றில் வீட்டைக் கழுவி அடைக்க வேண்டும், இல்லையேல் இடிக்க வேண்டும். நரம்பில் இன்னும் உயிர் இருந்தால் மருந்து வைத்து மூடிக் காப்பாற்றப் பார்க்கலாம். சீழ் வைத்த பிறகு அந்தக் கதை முடிந்தது. வேர் பிளந்த பல்லென்றால் கழற்றுவதே சரி. மற்றபடி உங்கள் பல்லுக்கு ஈடான செயற்கைப் பல் இன்னும் வரவில்லை.

கே: பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டேன். வலி போய்விட்டதே?
— வாசகர், கம்பளை

ப: வலி போனது, ஊற்று போகவில்லை. மருந்து இரத்தத்தில்தான் பயணம் செய்கிறது; செத்த பல்லுக்குள் இரத்தம் ஓடுவதில்லை. பல்லுக்கு உடனே சிகிச்சை கிடைக்குமானால், ஆரோக்கியமான பெரியவர்களின் பெரும்பாலான பல்வலிக்கு அன்டிபயோட்டிக் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டல் வெளியிட்டது. தயவுசெய்து டொக்டர் எழுதாமல் வாங்காதீர்கள்.

கே: கராம்பு எண்ணெய்?
— வாசகர், மாத்தளை

ப: ஓர் இரவைத் தாண்ட உதவும். அதிலுள்ள யூஜினோல் வலியை மரக்கச் செய்யும்; பல் டொக்டர்களும் தற்காலிக அடைப்பில் அதைச் சேர்ப்பதுண்டு. சீழுக்கு அது மருந்தல்ல.

கே: ரூட் கெனல் செய்த பல் உடம்பெல்லாம் நோய் பரப்புமாமே?
— வாசகி, அக்குறணை

ப: 1920களில் வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் சொன்னது. பின்வந்த ஒழுங்கான ஆய்வுகளில் அது நிற்கவில்லை. அதற்குள் அந்தப் பயத்தால் எத்தனையோ நல்ல பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். நீங்களும் அந்தக் கணக்கில் சேர வேண்டாம்.

கே: தனியாரிடம் செய்யக் காசில்லை.
— வாசகர், ஹந்தானை

ப: நாட்டுக்கே பல காலம் ஒரேயொரு பல் மருத்துவ பீடமாக இருந்தது பேராதனையில்தான். அதன் போதனா வைத்தியசாலை உங்களுக்கு பஸ் தூரம். காத்திருக்க நேரலாம், காலையிலேயே போங்கள். ஆனால் கன்ன வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ, நாக்குக்கு அடியில் இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றாலோ, விடியும்வரை காத்திராதீர்கள். அது உயிர் ஆபத்து. நேரே கண்டி பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.