சதுர அடியா, சதுர மீட்டரா?

கேள்வி: தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆர்டர் தளத்தைச் சோதிப்பது என் மகள் வேலை. இனி ஏஐ ஏஜென்ட்டே சோதித்துவிடுமாமே! அவள் வீட்டுக்கு வந்துவிடுவாளா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: சாயங்காலம் வழக்கம்போல வருவாள், பயப்படாதீர்கள்.

பொத்தானை அமுக்கும் வேலையை மனிதரிடமிருந்து பிடுங்க 2004-லேயே செலினியம் என்ற சோதனைக் கருவி வந்துவிட்டது. ஆனால் பக்கத்தின் நிரலில் பொத்தானின் அடையாளம் கொஞ்சம் மாறினாலே அது முழிக்கும். 2025-ல் மைக்ரோசாஃப்டின் சோதனைக் கருவியான பிளேரைட் மூன்று ஏஜென்ட்களைக் களமிறக்கியது: திட்டம் போட ஒன்று, சோதனையை எழுத ஒன்று, தோற்றுப்போன சோதனையைப் பழுதுபார்க்க ஒன்று. இந்த மூன்றாவது ஆள்மீதுதான் எனக்குச் சந்தேகம். தப்பு தளத்தில் இருக்க, சோதனையைத் திருத்தி 'பாஸ்' போட்டுவிட்டால்? கணக்கு தப்பென்றால் விடைத்தாளைத் திருத்தாமல் விடைக்குறிப்பைத் திருத்தும் வாத்தியார் கதைதான்.

தளத்தில் வரும் தப்புக்கு ஓர் உதாரணம்: உங்கள் ஊர் தோலைச் சதுர அடியில் விற்கிறது. ஐரோப்பியர் சதுர மீட்டரில் யோசிப்பார். ஒரு சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 10.76 சதுர அடி. படிவத்தில் அலகு மாறினால் சரக்கு பத்து மடங்கு பிசகும். பக்கமோ 'நன்றி' என்று பல்லிளிக்கும். யாரும் சொல்லித்தராத ஏஜென்ட்டும் பச்சை விளக்குப் போடும். எண்ணைப் பார்த்ததும் "இவ்வளவு தோலா?" என்று புருவம் தூக்க உங்கள் மகள்தான் வேண்டும்.

ஏஜென்ட்டைச் சோதனைத் தளத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். நிஜத் தளத்தில் அது ஐம்பது தடவை ஆர்டர் கொடுத்தால், வாணியம்பாடியில் லாரி நிஜமாகவே கிளம்பிவிடும்.