பழவேற்காட்டுத் துடுப்பு: வடிவமும் பயனும் துணைப்பயன்களும்

துடுப்பு என்பது ஒரு முனையில் தண்ணீரும் மறுமுனையில் மனிதனும் உள்ள மரத்துண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் இதனை ஆராயத் தகுந்த களம், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி. சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று அதற்குப் பெயர். சராசரி ஆழமோ ஏறத்தாழ 1 மீட்டர்தான். படகு கவிழ்ந்தால் நீந்துவதைவிட எழுந்து நிற்பதே பல இடங்களில் உத்தமம். துடுப்பியல் இரு கிளைகளாகப் பிரிந்ததற்கும் இதுவே காரணம்: துழாவத் துடுப்பு, தரையில் ஊன்றித் தள்ளக் கோல்.

கடற்பக்கத்துக் கட்டுமரத்துக்கு உரிய துடுப்பு ஒரு தட்டைப் பலகை. மண்டியிட்டு, அதை நடுவில் பிடித்து, இடமும் வலமும் மாறி மாறித் துழாவுவர். சென்னைக்குத் துறைமுகம் வராத காலத்தில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கட்டுமரக்காரர்கள் கடிதம் கொண்டுபோனார்கள். நனையாமலிருக்கத் தலைக்குல்லாயில் செருகிக்கொள்வர். அஞ்சல் துறை துடுப்புக்கு இன்னும் ஒரு நன்றிக்கடிதம்கூட அனுப்பவில்லை.

துடுப்பு பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று; கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் கயாக் படகுக்கு இருமுனைத் துடுப்பைச் செதுக்கினர். அங்கே காடு இல்லாததால், கடல் ஒதுக்கிய கட்டைகளே மூலப்பொருள். நீளத்துக்கு வழங்கும் மரபுக் கணக்கு: விரித்த இரு கைகளின் அகலம், அதன்மேல் ஒரு முழம். பூக்கடைகளில் தீராத ‘யாருடைய முழம்’ என்னும் வழக்கு அங்கே எழவில்லை; செதுக்குகிறவரும் துழாவுகிறவரும் ஒருவரே.

செய்முறைக்கு வருவோம். கணு இல்லாத, இழை நேராக ஓடும், இலேசான மரம் வேண்டும். பச்சை மரம் பின்னால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். நிழலில் உலரவிட வேண்டும். வாச்சியால் செதுக்கி, இழைப்புளியால் இழைத்து, தண்டைத் தடிப்பாகவும் அலகின் ஓரத்தை மெல்லியதாகவும் கொண்டுவருவர். பிடிக்கும் இடத்தில் வார்னிஷ் பூசுவது பெரும்பிழை. பளபளப்பு துடுப்பில் இருக்கும், கொப்புளம் உள்ளங்கையில் இருக்கும். எண்ணெய் போதும்.

துழாவும் விசை தோளிலிருந்து அல்ல, இடுப்பைத் திருப்புவதிலிருந்து வர வேண்டும். கையை மட்டும் நம்பியவர் மறுநாள் சோறு பிசையவும் ஆள் தேடுவார். தண்ணீரைப் பின்னே தள்ளினால் படகு முன்னே போகும் என்பதை நியூட்டன் 1687-இல் மூன்றாம் விதியாக அச்சேற்றினார். துழாவுவதில் இரு சிந்தனைப்பள்ளிகள் உள்ளன. படகில் இருப்போர் செய்முறைப் பள்ளி. கரையில் இருப்போர் கோட்பாட்டுப் பள்ளி. பின்னதற்கே குரல் பெரிது.

துணைப்பயன்களே இவ்வாய்வின் சாரம். கோல் ஆழம் பார்க்கும். சேற்றில் குத்தினால் படகைக் கட்டும் தறியாகும். ஈர லுங்கிக்குக் கொடியாகும். துடுப்பால் தண்ணீரில் அடித்தால் மீன் மிரண்டு வலைப்பக்கம் ஓடும். மீன்கூடையை முகரும் நாய்க்குத் துடுப்பை ஓங்கினாலே போதும்.

மோட்டாருக்கு இத்தனை திறமை இல்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஏரியில் நீர் வற்றும் மாதங்களில் மோட்டாரின் விசிறி சேற்றைத்தான் கடையும். அப்போது மோட்டாரைத் தூக்கி வைத்துவிட்டுக் கோலை எடுக்க வேண்டியதுதான். ஆகவே மோட்டார் வாங்குவோர் கோலை விறகாக்கிவிட வேண்டாம்.