உண்டியலில் விழுந்தது உண்டியலுக்கே

2024 டிசம்பரில் திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் தவறி விழுந்த கதை நினைவிருக்கும். உண்டியலுக்குள் போனது சாமிக்குத்தான், வேண்டுமானால் அதிலுள்ள டேட்டாவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றது நிர்வாகம். நாடே சிரித்தது. அதே வட்டாரத்தில் இன்னொரு உண்டியல் உண்டு. அங்கே விதி தலைகீழ்: டேட்டா சாமிக்கு, பிள்ளை மணலுக்கு. சாமியின் பெயர் பி.எச்டி.

'குழந்தை வளர்ப்பு முறைகளும் மழலையர் வளர்ச்சியும்: ஓர் ஆய்வு' என்ற தலைப்புக்கு இதைவிட வாகான நிலம் கிடைக்காது. சிறுசேரியில் ஐ.டி. கம்பெனி, கோவளத்தில் மீனவர் குப்பம், மாவட்டத்துக்குள் தள்ளிப் போனால் செங்கல் சூளை. ஒரு நாள் பஸ் பயணத்தில் மேல், நடு, கீழ் என்று மூன்று வருமான சாம்பிளும் சிக்கிவிடும்.

கேள்வித்தாளின் பூர்வீகம் பெர்க்லி. 1960களில் டயானா பாம்ரிண்ட் அங்கே நர்சரிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கவனித்து, அதட்டி வளர்ப்பவர், அரவணைத்துக் கண்டிப்பவர், போக்கில் விடுபவர் என்று பிரித்தார். அவர் ஊருக்கு அவர் செய்த வேலை; குறை சொல்ல ஒன்றுமில்லை. அது அரைநூற்றாண்டு கழித்து, அரைவேக்காட்டுத் தமிழில், சூளைக்கு வந்து சேரும் காட்சியை மட்டும் கற்பனை செய்து பாருங்கள்.

"அக்கா, உங்க குழந்தையோட முடிவெடுக்கும் சுதந்திரத்தை நீங்க மதிக்கிறீங்களா? முழுமையா ஒத்துக்கிறேன், ஒத்துக்கிறேன், கருத்து இல்லை..."

அட்வான்ஸ் கடனுக்குக் குடும்பத்தோடு கல் அறுக்கிற அக்கா நிமிர்ந்து பார்க்கிறார். "இன்னாம்மா கேக்குற? இங்க முடிவெடுக்கிறது மேஸ்திரி."

மாணவி 'கருத்து இல்லை'யில் டிக் அடிக்கிறாள்.

அவளைத் திட்டிப் பயனில்லை. அவளுக்குச் சப்மிஷன் தேதி, கைடுக்குக் கணக்கில் இன்னொரு பி.எச்டி., கல்லூரிக்கு நாக் தரச்சான்று மதிப்பெண். ஆறு அத்தியாயம் கடந்து வரும் கண்டுபிடிப்பு: தாயின் படிப்பு குறைந்தால் பிள்ளையின் சொல்வளம் குறைகிறது. பரிந்துரை: தாய்மார்களுக்கு விழிப்புணர்வு முகாம். நடுச்சாமத்தில் எழுந்து மண் மிதிக்கிறவளுக்கு விழிப்பு போதவில்லையாம்! அவளைக் கொஞ்சம் தூங்கவிடலாம் என்று எந்தப் புள்ளியியலும் இவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அப்பாவைத் தேடாதீர்கள். முதல் பக்கத்தில் 'தொழில்', 'வருமானம்' என்று இரண்டு கட்டத்தில் இருக்கிறார். முதலாளி அங்கேயும் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம். கண்ணாடிக் கட்டடத்தில் தரை துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை முறை போய்ப் பார்க்கிறார்? ஐந்து கட்டம் போட்ட அந்தத் தாளை ஒரு தடவை எச்.ஆர். மேஜையில் நீட்டிப் பாருங்களேன். செக்யூரிட்டி தாண்டி உள்ளே போக முடிந்தால்.

ஆராய்ச்சி என்றாலே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஜமைக்காவில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாராவாரம், இரண்டு வருஷம், சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். கையில் பொம்மை. அம்மாவோடு உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடினார்கள். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். நம்மூரில் பிள்ளை பார்ப்பது பொம்மையை அல்ல, கிளிப்போர்டை.

அரசாங்கம் மட்டும் என்ன யோக்கியம்? ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் முடிந்துவிடுகிறது என்று 2020 கல்விக் கொள்கை பக்திப் பரவசத்தோடு எழுதியது. 2002இல் 86ஆவது திருத்தம் படிப்பை அடிப்படை உரிமையாக்கியபோது வயது எங்கே தொடங்கியது? ஆறில். அதற்குக் கீழே உள்ளவர்களுக்காக அரசு 'முயலும்'. இருபது வருஷம் முயன்றதன் பலனையும் பார்த்தோம்: 2022இல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை மூடப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர் போட்டார்கள். அந்த 85 சதவீத மூளையை வளர்க்க!

பால்வாடி டீச்சர் பாடு இன்னும் மோசம். எடை, உயரம், வருகை எல்லாம் செல்போனில் ஏற்ற வேண்டும். 2025இலிருந்து சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தையும் அந்த போன் அடையாளம் கண்டாக வேண்டும். சிக்னலும் இருக்க வேண்டும். பிள்ளையின் முகத்தை யார் பார்ப்பது? ஆயாதான், சோறு வடித்த நேரம் போக.

வைவா நல்லபடியாக முடியும். டிபன் அருமையாக இருக்கும். ஆய்வேடு ஷோத்கங்கா தளத்தில் ஏறி மிதக்கும். நன்றியுரையில் கைடு, கணவர், மாமியார், தட்டச்சு செய்தவர் எல்லோரையும் கும்பிட்ட பிறகு, கடைசி வரியில் 'பொறுமையுடன் பதிலளித்த தாய்மார்களுக்கும்'.

சாம்பிள் எண் 47க்கு இந்த வருஷம் ஆறு வயது நிறைகிறது. உரிமை வந்துவிட்டது. பச்சைக் கல் உடையாமல் திருப்பிப் போட அதற்குள் பழகிவிட்டாள்.