ஸ்தோத்திரம் அண்ணாச்சி

பாளையங்கோட்டைப் பக்கம் எந்த அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒரு ஸ்தோத்திரம் அண்ணாச்சி இருப்பார். பெயர் வேண்டாம், அவர் ஒரே ஆளும் இல்லை. வணக்கம் சொன்னால் ஸ்தோத்திரம். மழை வருகிறது என்றால் ஸ்தோத்திரம். அகவிலைப்படி உயர்ந்தது என்றால் இரண்டு ஸ்தோத்திரம். நானும் சி.எஸ்.ஐ. சபைக்காரன்தான், பக்கத்து மேசைக்காரனும்கூட. ஆகவே இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

மேசைக் கண்ணாடிக்கு அடியில், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை இருக்கும். போன வருஷத்து அட்டையும் அதற்கு முந்தினதும் பக்கத்திலேயே இருக்கும். வாக்குத்தத்தம் காலாவதி ஆகாது என்பது அவர் கட்சி. காலாவதி ஆகிறதெல்லாம் கண்ணாடிக்கு மேலே ஃபைல் கட்டாக அடுக்கியிருக்கும். செல்போன் அடித்தால் கீர்த்தனை பாடும். சரணம் முடிந்த பிறகுதான் எடுப்பார். பாதியில் நிறுத்தினால் மனசு கேட்காதாம்.

பத்து மணி ஆபீசுக்குப் பத்தே முக்காலுக்கு வருவார். காலைத் தியானம் நீண்டுவிட்டது. சூப்பிரண்டு முறைத்தால், முகத்தில் இரத்தசாட்சிக் களை வந்துவிடும். மெமோ கொடுத்தாலோ, அப்போஸ்தலன் பவுல் சிறையில் கிடந்த கதை தொடங்கும். அதே பவுல் கொரிந்து பட்டணத்தில் கூடாரத் தொழில் செய்து சாப்பிட்டதை மட்டும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

துட்டு விஷயத்தில் கை நீட்டவே மாட்டார். மேசை டிராயர்தான் ஒரு சாண் திறந்திருக்கும். அதில் விழுவதிலும் தசமபாகம் தவறாது. ஆயிரம் விழுந்தால் நூறு ஆலயத்துக்கு. ஒருநாள் துணிந்து கேட்டேன்: "அண்ணாச்சி, பைபிள்ல சகேயு அநியாயமா வாங்குனத நாலத்தனையாத் திருப்பிக் குடுத்தாம்லா?"

"அவன் வரி டிப்பார்ட்மென்டுல்லா தம்பி. நம்ம செக்‌ஷன் வேற."

ஆள் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஆபீசில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் பிரெட் பாக்கெட்டோடு முதலில் போய் நிற்பது அவர்தான். வாட்ச்மேனின் மகளுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது, ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு ஓடியவரும் அவரே. அசனப் பண்டிகையில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்! ஆயிரம் இலைக்கு அசராத அந்தக் கை, ஒரு பேனாவைத் தூக்கச் சொன்னால்தான் மரத்துப்போகும்.

போன லெந்து காலத்தில் ஓர் அம்மா வந்தார். கணவர் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று இறந்தவர். குடும்ப ஓய்வூதியத்துக்காக அது நாலாவது நடை. அண்ணாச்சி உபவாசத்தில் இருந்தார். உபவாச நாளில் ஃபைல் தொடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

"ஜெபம் பண்ணுங்கம்மா. கர்த்தர் வழி திறப்பாரு."

"விடியக்காலம் நாலு மணிக்கே எந்திச்சு ஜெபம் பண்ணிட்டுத்தான்யா பஸ் ஏறுனேன். கையெழுத்துதான் என்னால போட முடியல."

அந்த அம்மா குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். செக்‌ஷனில் யாரும் சிரிக்கவும் இல்லை. ஃபேன் மட்டும் கடகடத்தது. அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். கட்டின் அடியிலிருந்து அந்த ஃபைலை உருவினார். டிராயரை முழங்காலால் தள்ளி மூடினார். மூன்று மணிக்குள் ஃபைல் சூப்பிரண்டு மேசைக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எழுந்து நின்று கண்ணீரோடு சாட்சி சொன்னார்: ஏழு மாதமாக ஒரு விதவையின் ஃபைலைச் சாத்தான் தடுத்து வைத்திருந்தானாம்.