இரண்டாம் நாள் தீர்ப்பு

கேமிங் கருவி விமர்சனம் என்பது, ஒரு பொருள் பழுதாவதற்கு முன்பே அதைப் பற்றி எழுதி முடித்துவிடும் கலை. பெட்டி பிரித்தல், எடை, கைக்கு அடக்கம், விளக்கு, நட்சத்திரம் என்ற வரிசையில் அது அமையும். இந்த மாதம் சக்குபள்ளம் என்ற மலையூருக்கு ஏறி வந்த ஒரு ஹெட்செட் நான்கரை நட்சத்திரம் பெற்றது. நட்சத்திரம் இட்டவர்களில் பலர் பாராட்டியிருந்தது டெலிவரியின் வேகத்தை. அதன் வலது காது இப்போது பேசுவதில்லை. ஒலித்தரம் பற்றிப் பின்னர் காணலாம்.

1983 ஜூலையில் ஜப்பானில் வெளியான ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் கருவியின் நகல்களே இந்திய வீடுகளுக்கு இக்கலையின் மூலப்பொருளைத் தந்தன. ஒரே கேசட்டில் லட்சக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே ஏழெட்டு ஆட்டங்கள் பெயர் மாற்றி வரிசையில் நிற்கும். உடன் வந்த துப்பாக்கியோ உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது. வாத்து சுடும் ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அதைக் கண்டால் வாத்து விழும். இன்றைய தட்டை டிவி படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால், எவ்வளவு குறி பார்த்தாலும் வாத்து சாகாது. அக்காலத்தில் விமர்சகர் கிடையாது. மாமா பையன் “சூப்பர்டா” என்பான், கணக்கு முடிந்தது.

இன்றைய விமர்சனத்தின் பெரும்பகுதி விளக்கு. கீபோர்டில் விளக்கு இருப்பதற்காவது நியாயம் உண்டு: கரண்ட் போனால் எழுத்து தெரியும். கரண்ட் போனால் கீபோர்டும் அணைந்துவிடும் என்பது வேறு விஷயம். மவுஸின் விளக்கு உள்ளங்கைக்கு அடியில் எரிகிறது; கையை எடுத்தால்தான் தெரியும், கையை எடுத்தால் ஆள் காலி. மவுஸ் பேடைச் சுற்றி ஓடும் விளக்கு, மேசை எங்கே முடிகிறது என்பதை மறதிக்காரர்களுக்குக் காட்டுகிறது. ஹெட்செட்டின் விளக்கு காதுக்கு வெளிப்புறம். மாட்டியிருப்பவர் அதை ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. அதை ரசிக்க அறையில் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் அம்மா. அவர் ரசிப்பதற்காக அறைக்குள் வருவதில்லை. 1.68 கோடி நிறங்கள் என்று பெட்டியில் போட்டிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் வைத்துப் பெருக்கிய கணக்கு அது, பொய்யல்ல. ஆனால் எல்லா வீட்டிலும் எரிவது வாங்கிய அன்று எரிந்த வானவில்தான். முதல் மழை விட்ட அந்தியில் ஏலத்தோட்டத்திலிருந்து ஈசல் கிளம்பும்போது, ஊரே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். கேமர் வீட்டில் மட்டும் கீபோர்டு ஜொலிக்கும். மறுநாள் டபிள்யூ பட்டனுக்கு அடியில் இறகு, ஆட்டத்தில் ஆள் முன்னே நடக்க மாட்டான். தூசிக்கும் தண்ணீருக்கும் ஐபி என்று தர எண் வைத்திருக்கிறார்கள். ஈசலுக்கு இல்லை. கேட்டால் விமர்சகருக்குச் சிரிப்பு வரும். அவர் ஊரில் ஈசல் கிடையாது போலும்.

விமர்சனங்களில் வராத நோய் ட்ரிஃப்ட். பெரும்பாலான கன்ட்ரோலர்களின் ஜாய்ஸ்டிக்கிற்குள் ஒரு முனை கரிப்பட்டையில் உரசி நகர்கிறது. மாதக்கணக்கில் உரசிப் பட்டை தேய்ந்ததும், கை வைக்காமலேயே ஆள் இடப்பக்கம் நடந்து பள்ளத்தில் விழுவான். உரசலே இல்லாத காந்த முறையை சேகாவின் ட்ரீம்காஸ்ட் 1998இலேயே பயன்படுத்தியது. இத்தனை காலத்துக்குப் பிறகு அதையே புதுமை என்று பெட்டியில் எழுதி, அதற்குத் தனி விலையும் வாங்குகிறார்கள். தேய்மானம் தெரிய மாதங்கள் ஆகும். விமர்சனம் இரண்டாம் நாளே வந்துவிடும்.

மவுஸ் விநாடிக்கு 1000 முறை செய்தி அனுப்புவதைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுவார்கள். மலையில் மேகம் இறங்கினால் நெட்வொர்க் எடுத்துக்கொள்ளும் தாமதத்தில் மவுஸ் சேமித்த மில்லி விநாடிகள் கரைந்துபோகும்.

சில வேளைகளில் ஆட்டமே மறைந்துவிடுகிறது. பப்ஜி மொபைல் இந்தியாவில் 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. அதன் இந்திய வடிவம் 2021 ஜூலையில் வந்து, 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. இடைவெளியில் அதற்கென்றே வாங்கிய விரலுறையும், மொபைலின் முதுகில் கவ்வும் குளிர்விசிறியும் வீட்டில் கிடந்தன. விரலுறை வியர்வைக்குப் பயன்படும். சக்குபள்ளத்தில் வியர்ப்பதற்குத் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். விசிறிக்கு இங்கே தேவையே இல்லை. மார்கழியில் சன்னலைத் திறந்து வைத்தால் மொபைல் குளிர்ந்துவிடும், விரல் விறைத்து ஆட்டமும் நின்றுவிடும்.