ஒத்தை இன்ஜின் மாப்பிள்ளை

ஏலே பேராண்டி, இப்படி உக்காரு. ஞாயித்துக்கிழமை கட்கிக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பொண்ணோட அப்பா அங்க வெடிமருந்துத் தொழிற்சாலையில கணக்கு எழுதியே தலை நரைச்சவரு. "மாப்பிள்ளை என்ன பிளேன் ஓட்டுதாரு?"ன்னு கட்டாயம் கேப்பாரு. உடனே போனை நீட்டி, அந்த செஸ்னா கேரவன் படத்தைக் காட்டிப் பல்லை இளிச்சிராத.

நானும் பாத்தேம்லா அந்தப் படத்தை. மூக்குல ஒரே ஒரு காத்தாடி. ஆகாசத்துக்குப் போனாலும் காலை மடக்கத் தெரியாது, தொங்கப் போட்டுக்கிட்டே போகுது. வயித்துக்கு அடியில சாமான் பெட்டி வேற. மேல ஓடுற ஒத்தை மாட்டு வண்டிலே அது! பெரிய ஜெட்டுக்கு வான்னு கூப்பிட்டவன்கிட்ட, "இதுதான் சார் சுகம்"னு சொல்லிட்டு வந்திருக்க. சுகந்தான், யாரு இல்லேன்னா? பார்சல் வாந்தி எடுக்காது, சன்னல் சீட்டுக்குச் சண்டை போடாது. ஆனா வரதட்சணையும் கொண்டாராது.

இந்த ஒத்தை இன்ஜின் சீக்கு உனக்கு மட்டும் வந்ததுன்னு நெனைக்காத. ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே வந்திருக்கு. 1932 அக்டோபர் 15. கராச்சியில 25 கிலோ தபாலைத் தூக்கிப் போட்டுக்கிட்டு, புஸ் மாத்துன்னு ஒரு ஒத்தை இன்ஜின் பிளேன்ல தனியாக் கெளம்பிட்டாரு. ரேடியோ கெடையாது. அகமதாபாத்துல எறங்கினா, பெட்ரோல் டின்னு மாட்டு வண்டியில வருது! பம்பாய் ஜூஹுல இருந்து நெவில் வின்சென்ட்டுங்கிற வெள்ளைக்காரரு வாங்கிக்கிட்டு, பெல்லாரியில ராத் தங்கி, மறுநாள் நம்ம மெட்ராசுல கொண்டு சேத்தாரு.

ஜூஹு வெறும் சேத்து மைதானம். மழைக்காலம் வந்தா கடல்தண்ணிக்குள்ள போயிரும். உடனே பிளேன், பைலட்டு, மெக்கானிக்கு எல்லாத்தையும் மூட்டை கட்டி எங்க வந்தாங்க தெரியுமா? இந்தா, இதே புனேக்கு. எரவாடா ஜெயில் பக்கத்துல ஒரு மைதானம், அதான் ஏர்போர்ட்டு. காந்தி பட்டினி கெடந்த அதே ஜெயில்தான். கோட்டையும் சூட்டையும் மாட்டிக்கிட்டு ஆபீஸ்ல உக்கார வேண்டிய வீட்டுப் பிள்ளை, தபால் மூட்டைக்காக ஜெயிலடிக்கு வந்திருக்கு.

வயசாகித் தெளிஞ்சுதான்னா, எங்க! ஏர் இந்தியா ஜெட்டையெல்லாம் கட்டி ஆண்ட மனுசன், 1982-ல 78 வயசுல, லெப்பர்ட் மாத்துன்னு இன்னொரு ஒத்தை இன்ஜினைத் தேடிப்பிடிச்சு, கராச்சியில இருந்து பம்பாய்க்குத் திரும்பவும் தனியா ஓட்டிக்கிட்டு வந்தாரு. அதே வருசம் டிசம்பர்ல உன் கேரவன் மொத மொதப் பறந்துச்சுன்னு நீதான் சொன்ன. சீக்கு எப்படி ஒட்டிக்கிச்சுன்னு இப்பத்தான் புரியுது.

ஆகவே, ஞாயித்துக்கிழமை டாட்டா கதையை நான் எடுத்து விடுதேன். கணக்கு மனுசன் லாபம் கேப்பாரு. டாட்டாவோட தபால் பிளேனுக்கு மொத வருசமே அறுபதாயிரம் ரூபாய்னு சொல்லு, அந்தக் காலத்து ரூபாய். பொண்ணோட அம்மா "நடுவானத்துல இன்ஜின் நின்னா?"ன்னு கேட்டா மட்டும், "சறுக்கிக்கிட்டே எறங்கிரும் அத்தை"ன்னு கையை விரிச்சுக் காட்டாதலே. தலையைக் குனிஞ்சுக்கோ. அடக்கமான பையன்னு நெனைச்சுக்குவாங்க. உன் சம்பளத்தைப் பத்திப் பேச்சு வந்தா, நான் இன்னொரு காபி கேட்டுருதேன்.