தொன்மை காக்கும் துறைக்கு ஒரு பாராட்டு மனு

பெறுநர்: கணினிப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: தங்கள் டெண்டர் இணையதளத்தை மாற்றாமல் வைத்திருப்பதைப் பாராட்டுதல் – தொடர்பாக.

பார்வை: முகப்பில் ஓடும் ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கவும்’ அறிவிப்பு.

ஐயா,

நான் சிறு ஒப்பந்ததாரர். சிறுபாலம், வடிகால் என்று கிடைக்கும் வேலைக்கு உங்கள் தளத்தில் டெண்டர் போடுகிறவன்.

தளத்தின் திரையில் மேலே சின்னத்துக்கு ஒரு ஃபிரேம், இடப்பக்கம் மெனுவுக்கு ஒன்று, நடுவே படிவத்துக்கு ஒன்று. 1996-இல் நெட்ஸ்கேப் 2.0 கொண்டுவந்த ஏற்பாடு இது. 2014-இல் எச்டிஎம்எல்5 தரம் இதை வழக்கொழிந்ததாக அறிவித்தது. தங்களுக்குச் சுற்றறிக்கை வரவில்லை போலும். எங்கே போனாலும் மேலே அதே முகவரி. பேக் பட்டனை அழுத்தினால் எந்த ஃபிரேம் பின்வாங்கும் என்பது அதனதன் சித்தம். பிரிண்ட் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டுக்குப் பதில் மெனு அச்சாகிறது. நேரம் கடந்து வெளியேற்றப்பட்டாலோ, லாகின் பக்கம் நடு ஃபிரேமுக்குள் ஒடுங்கி வந்து உட்காருகிறது. பக்கத்து மெனு நான் இன்னும் உள்ளேயே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. ஒரு மேசையில் முடிந்த கோப்பு அடுத்த மேசைக்குத் தெரியாத உங்கள் அலுவலகத்தை இவ்வளவு விசுவாசமாகத் திரையில் வடித்தவருக்குப் பதவி உயர்வு தர வேண்டும்.

அடுத்தது டிஜிட்டல் கையொப்பம். டோக்கனைச் செருகியதும் ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல் ஒன்றை நிறுவச் சொல்கிறீர்கள். அது பிரவுசருக்குள் அடங்கி ஓடுகிற சாது அல்ல. என் கணினியில் எனக்குள்ள உரிமையெல்லாம் அதற்கும் உண்டு. அதை வரவேற்க, பாதுகாப்பு நிலையைக் குறை, ஆன்டிவைரஸை நிறுத்து என்கிறது உங்கள் வழிகாட்டிப் பிடிஎஃப். முகப்பிலோ ‘அறிமுகமில்லாத மென்பொருளை நிறுவாதீர்’ என்று விழிப்புணர்வு வாசகம் ஓடுகிறது. (அது தனி ஃபிரேம். பக்கத்தில் நடப்பதற்கு அது பொறுப்பாகாது.)

தென்கொரியாவிலும் இணைய வங்கிச் சேவை பல்லாண்டுகள் ஆக்டிவ்எக்ஸை நம்பித்தான் ஓடியது. தொலைக்காட்சித் தொடர் நாயகி அணிந்த கோட்டைச் சீன ரசிகர்களால் கொரியத் தளங்களில் வாங்க முடியவில்லை என்று 2014-இல் அதிபர் பார்க் கியூன்-ஹேயே குறைப்பட்டார். அதற்குக் காரணமான, ஆக்டிவ்எக்ஸைக் கேட்ட, அரசு அங்கீகரித்த மின்னணுச் சான்றிதழின் தனிச்சலுகையை 2020 டிசம்பரில் ஒழித்தார்கள். அவசரக்காரர்கள்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு கொடுத்துவிட்டது. கவலை வேண்டாம். எட்ஜ் பிரவுசருக்குள் அதன் ஆவியை 2029 வரையாவது வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் நம்பாமல், எங்கள் தெரு பிரவுசிங் சென்டர் தம்பி உங்கள் ஒரு தளத்துக்காகவே பழைய விண்டோஸ் 7 கணினி ஒன்றைத் தூசி தட்டி வைத்திருக்கிறார். டெண்டர் கடைசி நாளன்று வாசல்வரை வரிசை நிற்கும். அன்று கட்டணமும் வேறு.

ஆகவே, தளத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் ஏதும் தங்களுக்கு எழுந்தால், தயவுசெய்து ஆறு மாதம் முன்னதாகத் தெரிவிக்கவும். தம்பிக்குக் கடைமேல் கடன் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்

நகல்: பிரவுசிங் சென்டர் தம்பி – தகவலுக்காக.